கிராமங்களில் சூரிய விளக்கும் சிறு வியாபாரியின் கைமுதலும்

மின்சாரக் கம்பி சென்றெட்டாத கிராமங்களில் இருட்டைப் போக்குவதற்கு, சூரிய வெளிச்சத்தினின்று மின்சாரம் எடுக்கும் தகடுகளும் அதைச் சேர்த்து வைக்கும் பாட்டரிகளும் ஏற்ற சாதனங்கள் என்பது இப்பொழுது ஐயத்துக்கு இடமான விஷயமன்று. சாணவாயு அடுப்பும், விறகும் புகையும் குறைந்த அடுப்பும் அத்தகையனவே. ஆயினும் இக்கருவிகள் செய்யப்படும் இடத்தினின்று தேவைப்படும் இடத்துக்குச் செல்லும் வழியில் பணம் என்னும் தடை ஒன்று நிற்கிறது. வாங்குகிறவனுடைய பணமுடையைக் குறித்துப் பலரும் பேசுகிறார்கள். விற்கிறவனுடைய பணமுடையைக் குறித்துப் பேசுவோர் சிலரே. கருவியைக் கிராமத்துக்குக் கொண்டுவந்து, வீட்டில் பொருத்தி, பழுது நேர்ந்தால் வந்து பார்க்கவேண்டிய சிறு வியாபாரிக்குக் கைமுதல் எவ்விதம் கிடைக்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம். வங்காள தேசத்தில் நடந்தது விரிவாகவும், கர்நாடகத்திலும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கானாவிலும் நடந்தவை சுருக்கமாகவும் சொல்லப்படும். ஐக்கிய நாணயச் சங்கங்களின் பஞ்சாயத்தார்கள் இவற்றைக் கவனித்து வாசிப்பது நலம்.

கஷ்டம் எங்கே இருக்கிறது

மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றும் குடும்பம் எண்ணெய்க்கு அன்றன்றோ வாரத்துக்கொரு முறையோ சில்லறையாகச் செலவு செய்கிறது. கூலி வந்த நாளில் ஒரு புட்டி வாங்குவார்கள். வராத நாளில் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். சூரிய விளக்கிலோ எரிபொருட் செலவு என்பதே கிடையாது. செலவு முழுவதும் முதல் நாளிலேயே வந்து நிற்கிறது. சில வருஷங்களுக்கு வேண்டிய எண்ணெயை ஒரே நாளில் விலை கொடுத்து வாங்கிப் பரணில் வைத்துக்கொள் என்று ஒரு குடியானவனிடம் சொல்வதற்கு இது சமானமாகும். எண்ணெய் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவன் அப்படிச் செய்யமாட்டான்; செய்ய அவனால் இயலவும் இயலாது. ஆகையால் தவணை முறையின்றி இவ்வியாபாரம் கிராமத்தில் நடவாது.

தவணைக்கு விற்றவுடன் கஷ்டம் வாங்குகிறவனை விட்டு விற்கிறவனிடம் வந்து சேருகிறது. இதை ஓர் உதாரணக் கணக்கினால் தெளிவாக்கலாம். இதில் கண்ட தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே அன்றிச் சந்தை விலைகள் அல்ல.

ஒரு வியாபாரியிடம் ரூ. 1,00,000 கைமுதல் உண்டு. விளக்குச் செட்டு ஒன்று அவனுக்கு ரூ. 9,000-க்குக் கிடைக்கிறது, அதை அவன் ரூ. 11,000-க்கு விற்கிறான். வாங்குகிறவன் நூற்றுக்குப் பதினைந்து வீதம் ரூ. 1,650 முன்பணம் கொடுத்து, மிச்சமான ரூ. 9,350-ஐ இருபத்துநான்கு மாதத் தவணையில், மாதம் ஏறக்குறைய ரூ. 390 வீதம் செலுத்த ஒப்புக்கொள்கிறான். வட்டியைத் தற்சமயம் விட்டுவிடுவோம். வியாபாரி தன் முதலைக்கொண்டு 11 செட்டுகள் வாங்கி விற்கிறான், முன்பணமாக ரூ. 18,150 கைக்கு வருகிறது. அதைக்கொண்டு இன்னும் இரண்டு செட்டுகள் வாங்கி விற்கிறான். அத்துடன் கடை நின்றுவிடுகிறது. பதின்மூன்று வீடுகளிலிருந்தும் மாதம் ரூ. 5,070 தவணை வரும். அது ஒரு புதுச் செட்டு வாங்குவதற்கும் போதாது. பொருத்துகிற மிஸ்திரிக்குச் சம்பளமும் அதிலிருந்தே கொடுத்தாக வேண்டும். ஊரில் நூறு பேர் விளக்கு வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்க, விற்க ஆசையுள்ளவன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுடைய முதல் அழிந்துபோகவில்லை. பதின்மூன்று கூரைகளின்மேல் சிதறிக் கிடக்கிறது. விதைநெல் முழுவதையும் நாற்றுவிட்டவன் அறுவடைவரை காத்திருப்பதுபோல, இவன் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இப்பொழுது மற்றொருவர் வந்து, "நீ தவணைக்கு விற்ற பாக்கியில் நூற்றுக்கு எண்பது பங்கை நாங்கள் உனக்கு உடனே கடனாகத் தருகிறோம், நீ வசூலித்துச் சாவகாசமாகத் திருப்பிக் கொடு" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ரூ. 9,350-இல் நூற்றுக்கு எண்பது ரூ. 7,480. இத்துடன் முன்பணம் ரூ. 1,650 சேர்ந்தால் ரூ. 9,130. செட்டின் அடக்க விலை ரூ. 9,000. அதாவது, விளக்கு விற்ற அன்றே போட்ட முதல் திரும்பி வந்துவிடுகிறது. அதே ஒரு லட்ச ரூபாய் திரும்பத் திரும்ப உழைக்கும். இந்தச் சிறு கணக்கில்தான் வங்காள தேசத்தார் செய்த காரியத்தின் மர்மம் அடங்கியிருக்கிறது.

வங்காள தேசத்து ஏற்பாடு

அத்தேசத்து அரசாங்கத்தார் 1997-ம் வருஷத்தில் தங்களுக்கே உரித்தான ஒரு கடன் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். ரஸ்தா, துறைமுகம், மின்சாரம் முதலிய பெரிய வேலைகளுக்குப் பணம் உதவுவது அதன் ஆதி நோக்கம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'இட்கால்' என்று வழங்குவார்கள். 2003-ம் வருஷத்தில் உலக பாங்கியின் உதவியையும், உலகச் சுற்றுச்சூழல் நிதியின் உதவியையும் பெற்று, வீட்டுச் சூரிய விளக்குகளுக்குக் கடன் கொடுக்கும் வேலையை இந்த ஸ்தாபனம் மேற்கொண்டது. 2008-க்குள் 50,000 வீடுகளுக்கு விளக்கு வைப்பதென்று குறி வைத்திருந்தார்கள். 2005-ம் வருஷத்திலேயே அக்குறி எட்டிவிட்டது. 2018 வரையில் இத்திட்டத்தின்மூலம் வைக்கப்பட்டவை சுமார் 41 லட்சம் செட்டுகள். அவற்றால் இரண்டு கோடி ஜனங்களுக்கு வெளிச்சம் கிடைத்ததாக உலக பாங்கி கணக்கிட்டிருக்கிறது.

இட்கால் ஸ்தாபனத்தார் ஒரு விளக்கையேனும் தாமே விற்கவில்லை என்பது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. விற்றவர்கள் கிராமங்களில் முன்னமே வேரூன்றியிருந்த தர்ம ஸ்தாபனங்களும், சிறு கடன் சங்கங்களும், வியாபாரக் கம்பெனிகளுமாகிய கூட்டாளிகள். அவர்களில் பெரியது 1996-ல் தோன்றிய 'கிராமீண் சக்தி' என்பது. கூட்டாளிகள் வீட்டாரிடம் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையில் முன்பணம் பெற்றுக்கொண்டு, மிச்சத்தை இரண்டு மூன்று வருஷத் தவணைக்கு விட்டார்கள். அந்தப் பாக்கியில் பெரும் பங்கை, ஆரம்பத்தில் நூற்றுக்கு எண்பது வரையில், இட்கால் குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடனாகக் கொடுத்தது. கடன் கொடுக்குமுன் அதன் சோதனையாளர்கள் கிராமத்துக்குச் சென்று, சொன்ன வீட்டில் சொன்ன தகடு உண்மையாகவே கூரைமேல் இருக்கிறதா, கம்பி ஒழுங்காக இழுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். காகிதத்தில் மட்டும் எரியும் விளக்குகளுக்குப் பணம் போகாமலிருக்க இது ஏதுவாயிற்று.

சகாயத்தொகையும் இருந்தது. அது ஆரம்பத்தில் ஒவ்வொரு செட்டுக்கும் கொடுக்கப்பட்டு, சரக்கின் விலை இறங்க இறங்கக் குறைக்கப்பட்டு, பிற்காலத்தில் மிகச் சிறிய செட்டுகளுக்கு மட்டும் நின்றது. குறைப்பார்கள் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தமையால், ஒருவரும் அதை நம்பி வியாபாரத்தை அமைத்துக்கொள்ளவில்லை. சகாயத்தொகையைத் திடீரென்று கொடுத்துத் திடீரென்று நிறுத்தும் வழக்கத்தைவிட இது மேலானதென்று சொல்லத் தடையில்லை.

வாங்குகிறவனுடைய அச்சத்தைப் போக்கவும் ஏற்பாடு உண்டு. தகட்டுக்கு 20 வருஷமும், பாட்டரிக்கு 5 வருஷமும், மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் பெட்டிக்கு 3 வருஷமும் உத்தரவாதம் தரப்பட்டது. விளக்கு வாங்கிய ஒரு வருஷத்துக்குள் ஊருக்கு மின்சாரக் கம்பி வந்துவிட்டால், தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூட்டாளிகள் கட்டுப்பட்டிருந்தார்கள். மாதந்தோறும் தவணை வசூலிக்கச் செல்லும் ஆளே விளக்கையும் பாட்டரியையும் பார்வையிட்டு வருவான். பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒழுங்குப் பெட்டிகளைச் சேர்க்கவும் பழுது பார்க்கவும் கிராமீண் சக்தியார் பல இடங்களில் நிலையங்கள் ஏற்படுத்தினார்கள். பகலில் ஆண்கள் வயலுக்குப் போய்விட்ட வீடுகளில் ஒரு பெண் மிஸ்திரி சென்று வேலை செய்வது எவ்வளவு சௌகரியம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பாட்டரியும் தவணையும்

கடன் கொடுப்போர் பெரும்பாலும் பாட்டரியைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் தவணை தவறுவதற்குரிய காரணங்களில் கெட்டுப்போன பாட்டரி முதன்மையானவற்றுள் ஒன்று. எரியாத விளக்குக்குப் பணம் கட்ட யாருக்கும் மனம் வராது.

50 வாட் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பூரண வெயில் என்று கொண்டால் 200 வாட்-மணி மின்சாரம் உண்டாகும். கம்பியிலும் பாட்டரியிலும் தூசியிலும் வீணாவது பத்தில் மூன்று பங்கு என்று கழித்தால், வீட்டாருக்குக் கிடைப்பது 140. ஐந்து வாட் விளக்கு நான்கை ஐந்து மணி நேரம் எரித்தால் 100 செலவாகும்; மிச்சம் 40-ல் ஒரு ரேடியோ பாடும், கைப்பேசியும் மின்னேற்றம் பெறும். 12 வோல்ட், 80 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 960 வாட்-மணி. ஈயத் தகட்டுப் பாட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். ஆகவே எடுக்கத்தக்கது 480. மூன்று நாள் அடைமழை பெய்தாலும் 420 தான் செலவாகும், பாட்டரி தாங்கும்.

இனி, அவ்வீட்டார் 40 வாட் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி நாள்தோறும் மூன்று மணி நேரம் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவு 140-லிருந்து 260 ஆகிவிடுகிறது. வரவு பழைய 140 தான். ஒழுங்குப் பெட்டி பாட்டரியைக் காப்பதற்காக மின்சாரத்தை அறுத்துவிடும். சுவையான கதை நடுவில் நின்றுபோன கோபத்தில், யாரேனும் ஒரு கெட்டிக்காரப் பையன் அப்பெட்டியை விலக்கிவிட்டுக் கம்பியை நேரே பாட்டரியில் முறுக்கிவிடுவான். ஐந்து வருஷம் உழைக்கவேண்டிய பாட்டரி அதன்பின் நெடுங்காலம் தாங்காது. வீட்டார் வியாபாரியின்மேல் குறை சொல்வார்கள், வியாபாரி வீட்டார்மேல் சொல்வான், தவணை நின்றுபோகும். ஆகவே செட்டின் அளவைத் தீர்மானிக்கும்போதே வீட்டாரிடம் உட்கார்ந்து என்னென்ன கருவிகள் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வியாபாரிக்குக் கடன் கொடுப்பது க்ஷேமம். சிறிய செட்டை மலிவென்று தலையில் கட்டிவிட்டுப் போகிறவனுக்குக் கொடுப்பது க்ஷேமமன்று. மாதம் ஒரு முறை பாட்டரியில் காய்ச்சி வடித்த நீர் விடவும், தகட்டின்மேல் படியும் தூசியைக் காலை வேளையில் துடைக்கவும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் வியாபாரியின் கடமையைச் சேர்ந்தது. நீர் விடவேண்டாத பாட்டரிகளும் இப்பொழுது வந்திருக்கின்றன; விலை சற்று அதிகம்.

ஏற்பாடு தளர்ந்த விதம்

2013-ம் வருஷத்தில் இத்திட்டம் உச்ச நிலையில் இருந்தது. அவ்வொரு வருஷத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட செட்டுகள் வைக்கப்பட்டன. அதன்பின் விற்பனை வேகமாக இறங்கிற்று. மின்சாரக் கம்பிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கிராமங்களுக்குள் நீண்டன. உத்தரவாதமில்லாத மலிவுச் சரக்குகள் சந்தையில் ரொக்கத்துக்குக் கிடைத்தன. இவ்விரண்டும் போதாவென்று, அரசாங்கத்தின் வேறொரு இலாகாவுக்கு உரிய நிவாரணத் தொகையில் ஒரு பங்கைக்கொண்டு ஏழைகளுக்குச் சூரிய விளக்குகள் இலவசமாக வழங்கப்பட்டன.

ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுப்பது தவறென்று யாரும் சொல்லார். ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இலவசமாகவும் அடுத்த வீட்டுக்குத் தவணைக்கும் விளக்கு வந்தால், தவணை கட்டுகிறவன் என்ன நினைப்பான்? 'நாம் ஏன் கட்டவேண்டும்? பொறுத்திருந்தால் நமக்கும் வரும்' என்று நினைப்பது மனித சுபாவம். வசூல் பல இடங்களில் தடைப்பட்டது.

முன்சொன்ன உதாரணக் கணக்கை மறுபடியும் பார்த்தால் இதன் விளைவு விளங்கும். வியாபாரி வசூலிக்கவேண்டியது ரூ. 9,350, கடன் கொடுத்தவருக்குத் திருப்பவேண்டியது ரூ. 7,480. ஐந்தில் ஒரு பங்கு வீட்டார் கட்டத் தவறினால், வசூலாவது முழுவதும் கடன் தீர்ப்பதற்கே சரியாகிவிடும், மிஸ்திரிக்குச் சம்பளமில்லை. சம்பளமில்லாத மிஸ்திரி ஊரை விட்டுப் போவான். பழுது பார்ப்பாரின்றி விளக்குகள் அணையும். அணைந்த விளக்குகளின் தவணையும் நிற்கும். ஏறும்போது கைமுதலைப் பலமுறை சுழலச் செய்த அதே ஏற்பாடு, இறங்கும்போது நஷ்டத்தையும் அவ்விதமே சுழலச் செய்கிறது. கூட்டாளிகளில் பலர் கடனைத் திருப்ப இயலாமல் இக்கட்டில் விழுந்தார்கள். மிஸ்திரிகளும் வசூல்காரர்களும் வேலை இழந்தார்கள். தேசம் முழுவதற்கும் மின்சாரம் சென்றுவிட்டதாக 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அரசாங்கத்தார் அறிவித்தார்கள். ஜனங்களுக்கு அது நன்மையே. கம்பி எந்த ஊருக்கு எந்த வருஷம் வரும் என்பதையும், இலவச விளக்கு எங்கே கொடுக்கப்படும் என்பதையும் முன்னதாகவே கடன் கொடுப்பவருக்கும் விற்பவருக்கும் தெரிவித்திருந்தால், சிறு ஸ்தாபனங்கள் பல தப்பியிருக்கும்.

இறைவை யந்திரங்கள்

விளக்குத் திட்டத்தில் கண்ட அனுபவத்தைக்கொண்டு இட்கால் சூரிய இறைவை யந்திரங்களுக்கும் கடன் கொடுத்துவருகிறது. அத்தேசத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் இறைவை யந்திரங்கள் உண்டு. கோடையில் விளையும் போரோ நெல்லுக்கு அவற்றின் நீரே ஆதாரம். இங்கே குடியானவன் யந்திரத்தை வாங்குவதில்லை. ஒரு சிறு ஸ்தாபனத்தார் யந்திரத்தைப் பொருத்தி, சுற்றியுள்ள நிலங்களுக்கு நீரை விலைக்கு விடுகிறார்கள். முதலில் பாதி மானியமாகவும், நூற்றுக்கு 35 கடனாகவும், 15 அந்த ஸ்தாபனத்தாரின் சொந்தப் பணமாகவும் அமைத்தார்கள்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. போரோப் பட்டத்தில் யந்திரம் நாள் முழுவதும் ஓடுகிறது. மழைக் காலத்திலோ தகடுகள் வெயிலில் சும்மா கிடக்கின்றன. நீருக்கு வரவு சில மாதங்களுக்கே. கடனுக்கு வட்டியோ பன்னிரண்டு மாதங்களுக்கும். மிகுந்த மின்சாரத்தைக் கம்பிக்கு விற்பதற்கு 2020-ல் வழிகாட்டு விதிகள் வெளியிடப்பட்டன. கம்பி அருகில் இல்லாத இடங்களில் நெல் அரைத்தல், கதிரடித்தல் போன்ற வேலைகளுக்கு அம்மின்சாரத்தைத் திருப்பலாம். எங்கேயாயினும் இறைவை யந்திரத்துக்குக் கடன் கொடுப்போர் வருஷத்தில் எத்தனை நாள் அது ஓடும் என்று முதலில் எண்ணிப் பார்த்து, தவணையை அறுவடையை அடுத்து வைப்பதே முறை. மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரனுக்கு ஏற்பட்டது.

கர்நாடகத்தில் பாங்கிகள் செய்தது

கர்நாடகத்தில் வேறு வழி கையாளப்பட்டது. 1995-ல் பெங்களூரில் தோன்றிய 'செல்கோ' என்னும் கம்பெனியார் விளக்குகளை விற்றுப் பொருத்திப் பழுது பார்த்தார்கள். கடன் கொடுக்கும் வேலையைக் கிராமத்துப் பாங்கிகளிடமே விட்டார்கள். பாங்கி வீட்டாருக்குக் கடன் கொடுத்துவிடுவதால் கம்பெனிக்கு முழு விலையும் உடனே கிடைத்துவிடும். கைமுதல் முடங்குவதில்லை, வசூலிக்கும் தொல்லையும் இல்லை.

ஆனால் பாங்கி மானேஜர்களை இணங்கச் செய்வது எளிதாயிருக்கவில்லை. பசுமாட்டுக்கும் கிணற்றுக்கும் கடன் கொடுத்துப் பழகியவர்களுக்கு, வருமானம் தராத விளக்குக்குக் கடன் என்பது விநோதமாகத் தோன்றிற்று. விளக்கினால் பீடி சுற்றுகிறவளும் தையற்காரனும் இரவில் இரண்டு மணி நேரம் அதிகமாக வேலை செய்வதை நேரிற் பார்த்த பிறகே மனம் மாறினார்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனத்தார் 2003-ம் வருஷத்தில் கனரா பாங்கியையும் சிண்டிகேட் பாங்கியையும் சேர்த்துக்கொண்டு ஒரு திட்டம் நடத்தினார்கள். (இவ்விரண்டும் 2020-ல் ஒன்றாக இணைந்துவிட்டன.) அதன்படி சூரிய விளக்குக் கடனுக்கு வட்டியில் ஒரு பங்கைத் திட்டத்தார் ஏற்றுக்கொண்டார்கள், நாளடைவில் இச்சலுகை குறைக்கப்பட்டு நின்றது. சலுகை நின்ற பின்னும் கடன் கொடுப்பது நிற்கவில்லை. சில வருஷ வசூலைக் கண்ணாற் கண்ட மானேஜருக்கு அச்சம் தெளிந்துவிட்டதே அதற்குக் காரணம் என்று கொள்ளலாம்.

தெருவில் காய்கறி விற்கிறவர்களுக்குக் கடன் கொடுத்தபோது தெரிந்த விஷயமொன்று ஐக்கிய சங்கங்களுக்கும் பிரயோஜனப்படும். மாதம் முந்நூறு ரூபாய் என்றால் முடியாது என்பவர், நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்றால் தயங்காமல் கொடுக்கிறார். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவருக்கு வருமானம் அன்றன்று வருகிறது, சேர்த்துவைக்கப் பெட்டியில்லை.

கானாவின் அடுப்புக்காரர்கள்

ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில் சமையலுக்கு மரக்கரியும் வழங்குகிறது. 'டொயோலா' என்னும் சிறு கம்பெனியார் சுட்ட மண் உட்கூடு வைத்த தகர அடுப்புகளைச் செய்து விற்றார்கள். கரிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு வரையில் மிச்சமாயிற்று. பெரிய தொழிற்சாலை ஒன்றும் இல்லை. தகரம் வெட்டுவோர் ஒருவர், வளைப்போர் ஒருவர், மண் உட்கூடு சுடுவோர் ஒருவர் என்று கைத்தொழிலாளர்கள் ஆளுக்கொரு பாகமாகச் செய்து கொடுப்பார்கள். இவர்களுக்குத் தொடக்கத்திலும் பின்னரும் கடன் கொடுத்தது 'ஈ அண்டு கோ' என்னும் அமெரிக்க ஸ்தாபனம். கடனோடு கணக்கெழுதவும் வியாபாரத் திட்டம் வகுக்கவும் அது யோசனை சொல்லிக் கொடுத்தது.

அடுப்பைக் கடனுக்கு வாங்குகிறவளுக்குக் கூடவே ஒரு உண்டியற் பெட்டியும் கொடுப்பார்கள். கரியில் மிச்சமாகும் காசை அவள் அன்றாடம் அதிற் போட்டு வரவேண்டும். குறித்த காலத்தில் பெட்டியைத் திறந்தால் அடுப்பின் விலை அதில் இருக்கும். தவணைப் புஸ்தகமும் வசூல்காரனும் செய்யும் வேலையை ஒரு தகரப் பெட்டி செய்துவிடுகிறது. அடுப்பினால் உண்மையாக மிச்சம் உண்டா இல்லையா என்பதையும் வாங்கினவளே தன் கையால் எண்ணிப் பார்க்கிறாள். இதைவிட நேர்மையான விளம்பரம் வேண்டுவதில்லை.

கடன் கொடுத்த ஈ அண்டு கோ ஸ்தாபனமே 2012-ம் வருஷத்தில் இக்கட்டுக்குள்ளாகிக் கலைத்து மாற்றி அமைக்கப்பட்டது. ஐம்பதினாயிரம் ரூபாய்க் கடனுக்கும் ஐம்பது லட்ச ரூபாய்க் கடனுக்கும் விசாரணை, பத்திரம், மேற்பார்வை ஆகிய வேலை ஏறக்குறைய ஒன்றே. வட்டி வரவு மட்டும் நூறு மடங்கு வித்தியாசம். தூர தேசத்திலிருந்து ஆள் அனுப்பிச் சிறு கடன்களைக் கண்காணிப்பது கட்டிவராது. உள்ளூரில் ஆளையும் அவன் குடும்பத்தையும் அறிந்த சங்கத்துக்கு அச்செலவு மிகக் குறைவு.

சங்கங்கள் கவனிக்கவேண்டியவை

சூரிய விளக்கு, சாணவாயு, இறைவை யந்திரம் முதலியவற்றை விற்கும் சிறு வியாபாரிக்குக் கடன் கொடுக்க எண்ணும் சங்கத்தார் அவன் கடையைப் பார்ப்பதற்கு முன், அவன் இரண்டு வருஷத்துக்கு முன்பு வைத்த கருவிகளைப் போய்ப் பார்ப்பது உத்தமம். பத்து வீடுகளில் எட்டிலாவது விளக்கு எரிந்தால் மேற்கொண்டு பேசலாம். அவனிடம் மாற்றுப் பாட்டரியும், ஒழுங்குப் பெட்டியும், விளக்குகளும் கையிருப்பில் உண்டா, பழுது பார்க்கும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பவற்றைக் கேட்க வேண்டும். கருவியின் உத்தரவாதச் சீட்டு தவணை முடியும் தேதியைத் தாண்டி இருக்கவேண்டும். மூன்று வருஷத் தவணைக்கு ஒரு வருஷ உத்தரவாதம் ஏற்கத்தக்கதன்று.

வட்டி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நூற்றுக்குப் பன்னிரண்டு என்று சொல்லப்படும் வட்டி இரண்டு விதமாயிருக்கலாம். மாதந்தோறும் குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி கணக்கிடுவது ஒரு விதம். முதல் முழுவதற்கும் கடைசி மாதம் வரையில் வட்டி போடுவது மற்றொரு விதம். இரண்டாவது முறையில் ரூ. 10,000-க்கு இரண்டு வருஷ வட்டி ரூ. 2,400, மாதத் தவணை சுமார் ரூ. 517. பாதி முதல் திரும்பிக் கொடுத்த பின்னும் முழு முதலுக்கும் வட்டி ஓடுகிறதாகையால், உண்மை வட்டி நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேல் ஆகிறது. தவணைச் சீட்டில் கையெழுத்திடுமுன் எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு.

பழைய பாட்டரியை மறந்துவிடக்கூடாது. அதில் ஈயமும் திராவகமும் இருக்கின்றன. வீட்டுக் கொல்லையில் உடைத்து ஈயத்தை உருக்கினால் அப்புகையும் மண்ணும் குழந்தைகளுக்குக் கொடிய விஷமாகும். திராவகம் கொட்டிய இடத்தில் பயிர் ஏறாது. புதுப் பாட்டரி வாங்கும்போது பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கழித்துக்கொள்ள வியாபாரி கட்டுப்படவேண்டும் என்று கடன் பத்திரத்திலேயே எழுதி வைக்கலாம். அப்படி எடுத்த பாட்டரிகளை, ஈயத்தைத் திரும்ப எடுக்க அனுமதி பெற்ற ஆலைக்கு அனுப்பி, ரசீது பெற்றுச் சங்கத்தில் காட்டும்படியும் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.